யாரோ பெற்ற பிள்ளைக்கு அழுதவருக்கு

786
சிவகாசி
12-2-1964

கொழும்புக் கடையிலிருக்கும் பைரோஜா அத்தா அவர்களுக்கு, அக்தர் பேகத்தின் சலாம். இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதியாச்சு. வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள் பைரோஜாதான் எழுதுகிறாள். இந்தத் தடவை ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கொடுத்தனுப்பிய ஆப்பிரிக்கா நாவல் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். தீப்பெட்டி ஒட்டப் பக்கத்து வீட்டுப் பெண்கள் நம் வீட்டில்தானே கூடுகிறார்கள். பைரோஜா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசிப்பாள். அவள் பங்குப் பெட்டியை மற்றவர்கள் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஏரிக்கரையில் கருவாடு போடுகிற தகப்பன், மகளின் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுகிற இடம் வந்ததும் வெள்ளைத்தாய் பசைக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "அவன் வெளங்குவானா, நாசமாப் போக" என்று ஏசினாள். இருளம்மாள் மட்டும், "வயசுப்பிள்ளைய வச்சிக்கிட்டு அந்த மனுசன் எம்புட்டு நாளைக்கு முளிச்சிக்கிட்டு இருப்பாரு?" என்று தகப்பன் பக்கம் பேசினாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

செல்லத்தாய்க்கு அது கதை என்றே தோன்றவில்லை. அந்தப் பிள்ளை பரீட்சையில் தேறினால் முடியிறக்குவதாக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். "கதைதான் பெரியம்மா" என்று பைரோஜா சொன்னதற்கு, "இருக்கட்டுமே, பிள்ளை பாவமில்லையா?" என்றாள். கதையில் அந்தப் பெண் தேறிவிட்டாள். இவள் மொட்டைத் தலையோடு வந்து பெட்டி ஒட்டுகிறாள்.

முதல் பக்கத்தில் உங்கள் கையால் எழுதியிருந்ததையும் வாசித்தாள். கண்ணீர் விட்டுப் படித்தீர்களாம், பெண்ணைப் பெற்ற ஒவ்வொருவரும் படிக்க வேண்டுமாம். எனக்கு என்ன பெருமை!

அடுத்த வாரமே உங்கள் கடிதம் வந்தது. அதையும் அவள்தானே வாசிக்க வேண்டும்? பைரோஜா ஒன்பதாவது படித்தது போதும், பரீட்சை முடிந்ததும் நிறுத்திவிடு, சாத்தூரில் என் தங்கை மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அத்தனை பேர் நடுவில் பிள்ளை தன் வாயாலேயே வாசித்தாள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா? எந்த ஊர்ப் பிள்ளைக்கோ அழுதீர்களே, பெற்ற பிள்ளைக்கு வரும்போது கண்ணீர் வற்றிப்போச்சா? அந்தக் கருவாட்டுக்காரனாவது மகள் முகத்துக்கு நேரே நின்று சொன்னான். உங்களுக்கு அந்தத் துப்புமில்லை.

இருளம்மாளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "கதையில பேசினது வேற அக்கா, நம்ம பிள்ளைய நிப்பாட்டிராதீக" என்றாள்.

உங்கள் தங்கைக்கு ஆள் விட்டு, இப்போது கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். இதை எழுத மாட்டேன், அத்தாவுக்குக் கோபம் வரும் என்று இவள் அழுகிறாள். எழுதுடி என்றேன். வந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் நிற்காது.

இருமல் குறைந்ததா? வெந்நீர் குடியுங்கள், கடைத் தரையில் வெறுமனே படுக்காதீர்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனசையும் தரட்டும்.

பதிலை எனக்கு எழுத வேண்டாம். அன்புள்ள மகள் பைரோஜாவுக்கு என்று தொடங்குங்கள். அதற்குக் கீழே படிப்பை நிறுத்து என்று எழுத உங்கள் கைக்கு மனசு வருகிறதா, பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் மேல் தீராத கோபத்தோடு,
அக்தர் பேகம்