மினாமியைப் பற்றி நான் படிக்காமல் விட்டது

அப்பா,

நேற்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி வந்தது. பிள்ளைகள் விளையாடட்டும் என்று பழைய மாணவர் ஒருவர் அனுப்பியது. தலைமையாசிரியர் அதிலிருந்து ஒரு டின்னை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த சாவியைப் பிய்த்து, தகரப் பட்டையைச் சுருட்டினார். உஸ்ஸென்று காற்று வெளியேறியது. புது ரப்பரும் கம்பளியும் கலந்த அந்த வாசனை. நான் வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்த கணக்கு டீச்சர், "என்னங்க, கண்ணுல தூசியா?" என்றார். ஆமாம் என்றேன். அன்னவாசலில் தூசிக்கு என்ன குறை. அவர் நம்பிவிட்டார்.

டென்னிஸ் பந்து டின்னைத் திறந்தால் நீங்கள் முதலில் உங்கள் மூக்கருகே கொண்டுபோவீர்கள். பிறகுதான் ஆட வந்த கிளப் ஐயாமாருக்கு. "எந்த ஊருக் காத்தோ ஆத்தா, அடைச்சுக் கப்பல்ல அனுப்பியிருக்கான்" என்பீர்கள். காற்றைக்கூட அடைத்து அனுப்புவார்களா என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த அடுத்த வருஷம் நீங்கள் கிளப்பில் மார்க்கராகச் சேர்ந்தீர்கள். மார்க்கர் என்றால் என்னவென்று கல்லூரியில் என்னோடு படித்த யாருக்கும் தெரியாது. நானும் சொன்னதில்லை. விடியும்போது சாணியும் செம்மண்ணும் கரைத்துக் கோர்ட்டை மெழுகுவீர்கள். காய்ந்ததும் சுண்ணாம்பில் கோடு போடுவீர்கள். மத்தியானம் மட்டைகளுக்கு நரம்பு கட்டுவீர்கள். சாயங்காலம் வக்கீலோ டாக்டரோ ஆட வந்து எதிராளி இல்லையென்றால் எதிரில் நிற்பீர்கள். நின்று, தோற்பீர்கள். அதுதான் உங்கள் வேலையிலேயே கஷ்டமான பகுதி என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. ஆறுக்கு நாலு என்று தோற்க வேண்டும். ஆறுக்குப் பூஜ்யம் என்றால் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஐந்துக்கு ஐந்து வரை இழுத்தால் அவர்களுக்கு மூச்சு வாங்கும். "ஐயாமாரு ஜெயிச்சாத்தான் நாளைக்கும் வருவாங்க" என்பீர்கள், ஏதோ கோழிக்குத் தீனி போடுவதைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒரே ஒரு தடவை திருச்சிப் போட்டிக்கு உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தீர்கள். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் சேர முடியாது, அது உலகம் முழுவதும் உள்ள விதி என்று திருப்பிவிட்டார்கள். பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்குத்தான் போட்டி. ஆட்டமே பிழைப்பாக இருக்கிறவனுக்கு இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மினாமி வந்த காலையில் எனக்குப் பதினொரு வயது. அரைப்பரீட்சை லீவு. உங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தேன். திருச்சியில் காட்சி ஆட்டம் ஆட வந்த ஜப்பான்காரன் ஒருவனைச் சப் ஜட்ஜ் ஐயா நம் ஊருக்கு அழைத்து வந்திருந்தார். அன்று மாலை மெம்பர்களோடு ஆட ஏற்பாடு. ஆனால் ஒருவரும் எழுந்து வருமுன்னே அவன் கோர்ட்டுக்கு வந்து நின்றான். இருபது வயது இருக்கும். பச்சையாய் மினுமினுத்த தரையைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கையால் கேட்டான். கிளப் சமையல்காரர் சூசை மாமாதான் அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர். சாணிக்கு அவருக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. "ம்மா" என்று மாடு மாதிரிக் கத்திக் காட்டி, பின்னால் கையை வைத்துக் காட்டினார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் தரையை ஒரு சுற்று மிதித்துப் பார்த்தான். நீங்கள் மெழுகிய தரையை அப்படி மதித்து மிதித்தவர் வேறு யாரும் இல்லை.

இரண்டு பேரும் சும்மா பந்தடித்துப் பழகத்தான் ஆரம்பித்தீர்கள். எப்போது செட்டாக மாறியதென்று தெரியாது. உங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த பாஷை புள்ளி சொல்லும் பாஷை மட்டுமே. நீங்கள் "பிஃப்டீன் லவ்" என்றால் அவன் தலையாட்டுவான். நான் அதற்குமுன் பார்க்காத ஒரு ஆள் அன்று உங்கள் சட்டைக்குள் இருந்தார். யாரோ கொடுத்த பழைய ஷூ, வெளுத்த அரைக்கால் சட்டை, அதே உடம்புதான். ஆனால் பந்தை எதிராளியின் கைக்கு வாகாகப் போடும் அந்த ஆள் இல்லை. ஆறுக்கு நாலு என்று ஜெயித்தீர்கள். பார்த்தது நானும் சூசை மாமாவும் மட்டும்.

அவன் வலைக்கு வந்து குனிந்து வணங்கி ஏதோ கேட்டான்.

"எந்தப் போட்டியில ஆடுறீகன்னு கேக்குறாரு மார்க்கரே" என்றார் சூசை மாமா.

"மார்க்கர்னு சொல்லு. போதும்."

மாமா சொன்னார். அவனுக்குப் புரியவில்லை. சம்பளம் என்று மாமா விரலைத் தேய்த்துக் காட்டியதும் புரிந்தது. சிரிப்பு நின்றது. மறுபடியும் குனிந்தான், முன்னைவிட அதிகமாக. நீங்கள் கைகூப்பினீர்கள். பிறகு எங்களிடம் திரும்பி, "இது வெளிய போகக் கூடாது. ஐயாமாரு காதுல விழுந்தா அப்புறம் எங்கூட ஆட மாட்டாங்க" என்றீர்கள். வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம் மட்டும் ஒன்று சொன்னீர்கள். "தெக்கு மூலையில ஒரு பள்ளம் இருக்கு ஆத்தா. பந்து அங்க விழுந்தா எந்திரிக்காது. எனக்குத்தான் தெரியும். அதுல ஒரு பந்துகூடப் போடல, பாத்தியா?"

அதற்குப் பிறகு அவன் நம் வீட்டில் ஒரு ஆள் ஆனான். கிளப்பில் ஐயாமார் படித்துக் கழித்த இங்கிலீஷ் பேப்பரை மறுநாள் கொண்டுவருவீர்கள். எண்கள் உங்களுக்குத் தெரியும், எழுத்து தெரியாது. விளையாட்டுப் பக்கத்தின் அடியில் எறும்பு வரிசையாக இருக்கும் முடிவுகளில் அவனைத் தேடிப் படிப்பது என் வேலை. அவன் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். எழுதிக் காட்டினேன். முதல் எழுத்தான 'எம்'மைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கம்பம், நடுவுல தொங்குற நெட்டு. இவன் பேரே நெட்டுலதானே ஆரம்பிக்குது!" என்றீர்கள். ஜெயித்தவர் பெயரை முதலில் போடுவார்கள், தோற்றவர் பெயர் பின்னால் வரும் என்றும் அன்றைக்கே சொன்னேன். சொன்னதை நான் மறந்துபோனேன்.

கல்கத்தாவில் அரையிறுதி. மணிலாவில் பட்டம். லண்டன் புல் கோர்ட்டில் ஒரு வருஷம் இரண்டாம் சுற்று, அடுத்த வருஷம் மூன்றாம் சுற்று. சூசை மாமா தெருவிலிருந்தே கூப்பிடுவார்: "என்ன மார்க்கரே, ஒங்க மீனாட்சி இன்னைக்குச் செயிச்சாளா?" நீங்கள், "செயிக்காம? நீ போய் வெங்காயத்த உரி" என்பீர்கள். நான் திருச்சிக் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு பேப்பர்களைச் சேர்த்து வைத்திருந்து சனிக்கிழமை கொடுப்பீர்கள். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கப் போனவள் முதலில் படித்துக் காட்டியதெல்லாம் மினாமியைத்தான். அப்படி ஒரு சனிக்கிழமை நரம்பை இழுத்துக் கட்டியபடியே, நிமிராமல் சொன்னீர்கள்: "அவன் எம்புட்டுத் தூரம் போறானோ, அம்புட்டுத் தூரம் நானும் போயிருப்பேன்."

அந்த வார்த்தை என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு அவன் தோற்ற ஒவ்வொரு ஆட்டத்திலும் நீங்கள் தோற்றீர்கள்.

நான் பரீட்சை முடித்து வந்தபோது நீங்கள் படுத்திருந்தீர்கள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். மாடிப்படி ஏறக் கூடாது, குனிந்து எழக் கூடாது. கோர்ட்டை வேறு யாரோ மெழுகினார்கள். அந்தக் கோடையில் மினாமி லண்டனில் முதல் சுற்றிலேயே தோற்றான். ஒரு செட்கூட எடுக்காமல்.

பேப்பர் என் கையில் இருந்தது. நீங்கள் சுவரில் சாய்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எண்களை அப்படியே படித்தேன். பெயர்களை மட்டும் இடம் மாற்றினேன்.

"ஆறு ரெண்டா?" என்றீர்கள்.

"ஆமாப்பா."

"நல்லாத்தான் ஆடியிருக்கான்" என்று கூரையைப் பார்த்தீர்கள்.

ஜெயித்துவிட்டான் என்று சொன்னபிறகு அவன் மறுநாளும் ஆடியாக வேண்டுமே. வேறு யாரோ இரண்டு பேர் ஆடிய ஆட்டத்தின் எண்களை எடுத்து அவனுக்குக் கொடுத்தேன். நாலு பேர் முன் வாய் திறக்க வராத நான், இல்லாத ஆட்டங்களைத் தடங்கல் இல்லாமல் படித்தேன். காலிறுதிவரை கொண்டுபோனேன். அதற்கு மேல் கொண்டுபோகப் பயமாக இருந்தது. ஐந்து செட் ஆடித் தோற்க வைத்தேன்.

"அஞ்சு செட்டா? அப்ப அது தோத்ததுல சேத்தி இல்ல" என்றீர்கள்.

அதற்கு மூன்று வாரம் கழித்து அந்தச் செய்தி வந்தது. முடிவுகளில் அல்ல, தனியாக, ஆறு வரியில். படித்ததும் பேப்பரை மடித்து என் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். "இன்னைக்கு ஒண்ணும் வரலையா ஆத்தா?" என்று கேட்டீர்கள். "ஒண்ணும் வரலப்பா" என்றேன். "சரி." ஆவணி பிறப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

கருமாதி முடிந்த நாலாம் நாள் சூசை மாமா வந்தார். ஆவூர் மாதா கோயிலில் உங்களுக்காகப் பூசை வைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். உங்கள் பாய்க்கு அடியிலிருந்த பழைய பேப்பர்களை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று சிரித்தார்.

"இத ஒங்கப்பன் எனக்கு வெரல வச்சுக் காட்டினான் தாயி. 'நெட்டு எழுத்து வலது பக்கம் போயிருச்சு சூசை, பய மொத ஆட்டத்துலயே அவுட்டு. எம் மக இடது பக்கமாவே படிக்கிறா'ன்னான்."

அந்தப் பேப்பரை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன்.

"கேட்டுர வேண்டியதுதானேய்யான்னேன். 'கேட்டா அப்புறம் படிக்க மாட்டா. படிக்கட்டும். அவ வாயால இன்னும் ரெண்டு ஆட்டம் செயிச்சுக்கிறேன்'னான். காலிறுதிக்குப் போனப்ப எனக்கு டீ குடிக்கக் காசு கொடுத்தான், தெரியுமா?"

அன்று நான் அழுதது அவரைப் பயமுறுத்திவிட்டது. அழுகை நின்றதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த ஆறு வரியை எடுத்து அவரிடம் படித்துக் காட்டினேன். இதையாவது அப்பாவுக்குத் தெரியாமல் காப்பாற்றினேன் மாமா, என்று சொல்லிக்கொள்ளத்தான் படித்தேன்.

அவர் தொடையில் அடித்துக்கொண்டார். "அட கர்த்தரே! இத ஏன் தாயி மறைச்ச? இதக் கேட்டிருந்தா மனுசன் பாயில எந்திரிச்சு ஒக்காந்திருப்பானே!"

அப்பா, நான் ஏன் மறைத்தேன் என்று இத்தனை வருஷமாக யோசித்துவிட்டேன். உங்கள் மனம் உடைந்துவிடும் என்று நினைத்தேன் என்பது பாதிதான் உண்மை. அந்தச் செய்தி எனக்கு ஒரு வீழ்ச்சியாகத் தெரிந்தது. லண்டன்வரை போனவன் கடைசியில் இதற்கா வந்தான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியவள் உங்கள் மகள். உங்கள் கை மெழுகிய தரையால் படித்தவள், அந்தத் தொழிலைத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தாள். கல்லூரியில் வாய் திறக்காததும், பெட்டியைப் பூட்டியதும் ஒரே காரியம்தான். அதைக் கூச்ச சுபாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

இந்த வருஷம் விதியை மாற்றிவிட்டார்கள். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களும் இனி எல்லோரோடும் சேர்ந்து லண்டனில் ஆடலாமாம். வாசகசாலையில் நின்றுகொண்டே படித்தேன். சொல்ல ஆள் இல்லை. சூசை மாமாவும் மகன் வீட்டோடு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த ஆறு வரி இன்னும் என்னிடம் இருக்கிறது. மடிப்பு கிழிந்துவிட்டது, எழுத்து தெரிகிறது. இப்போது படிக்கிறேன், கேளுங்கள்.

ஜப்பான் நாட்டு ஆட்டக்காரர் மினாமி போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார். தம் ஊர் கிளப் ஒன்றில் சம்பளத்துக்கு ஆட்டக்காரராகச் சேர்ந்திருக்கிறார். உறுப்பினர்களோடு ஆடுவதும், மட்டைகளுக்கு நரம்பு கட்டுவதும், கோர்ட்டுகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. விதிப்படி இனி அவர் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ள முடியாது. இது வருத்தமாக இல்லையா என்று கேட்டதற்கு, இல்லை என்றார். தாம் பார்த்த மிக நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவர் அந்த வேலையில்தான் இருந்தார் என்றார்.

படித்துவிட்டேன் அப்பா. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றவில்லை.