கூறியது கூறல்

ராவுத்தரே,

காலையில் வந்த அச்சுத்தாளைப் பிரித்தேன். மை வாசனைக்குள்ளிருந்து ஓமம் மணந்தது. யாரோ மருந்துப் பொட்டலத்தின்மேல் வைத்திருப்பார்கள். எனக்கோ நீர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போலிருந்தது. பெஞ்சில் சற்று நகர்ந்து இடம்கூட விட்டேன், போம்!

நாம் முதலில் சந்தித்த அன்றும் உம்மிடம் இதே ஓம வாசனைதான். மலையிலிருந்து மூட்டம் இறங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெரு கனவுபோல மிதந்தது. வீட்டு வைத்தியப் புத்தகம் அச்சேறப் போகிறது, பிழை திருத்த ஆள் வேண்டும் என்று அச்சுக்கூடத்து முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். வேலை ஒன்று, வந்தவர் இருவர். பள்ளிக்கூட வேலை போய், வீட்டில் உலையேற்ற வழியில்லாமல் நின்ற தமிழ்ப்புலவன் நான். ராஜபாளையத்தில் நாட்டுமருந்துக் கடை வைத்து நொடித்துப்போய், வண்டியேறி வந்தவர் நீர். ஒரே பக்கத்தை இருவரிடமும் கொடுத்துத் திருத்தச் சொன்னார்.

உமக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். உமது தாளைப் பார்த்துச் சிரித்தேன். என் தாளைப் பார்த்த முதலாளி, “எம்புட்டு அழகா ஓடுது!” என்று உருகிவிட்டார். வேலை எனக்குத்தான் என்றிருந்தேன்.

“செத்த வாசிங்க புலவரே, கேப்போம்” என்றீர். கண்ணை மூடிக் கேட்டவர் பாதியில் திறந்தீர்.

“நேர்வாளத்துக்கு முன்னால ‘சுத்தி செய்த’ன்னு இருந்துச்சே, எங்க?”

“மொதப் பக்கத்துலயே சொல்லியாச்சே. திரும்பச் சொன்னா கூறியது கூறல், இலக்கணத்துல குத்தம். அடிச்சிட்டேன்.”

“அடப் பாவி மனுசா! சுத்தி செஞ்சு நஞ்செடுக்கலேன்னா ஆளக் கொல்லுற கொட்டைய்யா அது. புள்ள வயித்து வலியில துடிக்கையில தாய்க்காரி மொதப் பக்கத்தயா படிப்பா? நேரா இந்தப் பக்கத்தத்தான் பொரட்டுவா.”

அடித்த சொற்களை அதே இடத்தில் மறுபடி எழுதினேன். முதலாளி உம் பக்கம் திரும்பினார். தலையாட்டியிருந்தால் வேலை உமக்கு. நீரோ, “எனக்கு எழுத்து வராது, இவருக்கு மருந்து தெரியாது. நாக்காலிய எடுத்துட்டு பெஞ்சியப் போடுங்க மொதலாளி. குடுக்கிறதப் பகுந்துக்கிடுதோம்” என்றீர்.

நான் வாசிக்க, நீர் கேட்க, எத்தனை வருஷம்! ‘ம்’ என்றால் அடுத்த வரி; சும்மா இருந்தால் அங்கே தப்பு. றகரம் மட்டும் கடைசிவரை உமக்கு வரவேயில்லை.

நீர் போய்ச் சேர்ந்துவிட்டீர்; உம் இடத்துக்கு ஆள் பார்க்கச் சொல்கிறார் முதலாளி. வருகிறவன் எழுத்தைக் கொன்றாலும் நான் பார்த்துக்கொள்வேன். எங்கே கண்ணைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தவனாக இருக்கட்டும். இன்றைக்கும் உரக்கத்தான் வாசித்தேன். வரி முடிந்ததும் பழக்கத்தில் நிறுத்தினேன். ‘ம்’ வரவில்லை.

நீர் இல்லாமல் பெஞ்சு வெறிச்சென்று கிடக்கிறது, ராவுத்தரே. நீர் இல்லாமல் வெறிச்சென்று கிடக்கிறது.

கூறியது கூறல்தான். அடிக்கமாட்டேன்.