கீழ் லயத்துக்கு மேலே ஒரு வெடிப்பு

நவம்பர் 9, திங்கள்

விடியலிலிருந்து தூறல். சப்பாத்து இன்னும் காயவில்லை. தெமோதரைக்கு மேலே, தோட்டத்தில் மண்ணரிப்பு அளக்க நான் நட்ட முளைக்குச்சிகளில் பாதியைக் காணோம். கீழ் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், செல்வமணியின் அடுப்பில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

“ஈர வெறகு பத்த மாட்டேங்குது சார். சாயம் பூசுன குச்சிதான் பத்துது. பிள்ளைக்குச் சுடுதண்ணி வேணும்ல?”

பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி உதவியாளனின் ஒரு பருவ உழைப்பு, சுடுதண்ணீராக. மீதியைத் தேடி மேலே ஏறும்போது கால் உள்ளே போனது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே நீளமாக ஒரு வெடிப்பு. நேர் கீழே லயம்.

நவ. 10, செவ்வாய்

தோட்டத்து மானேஜர் துரையிடம் வெடிப்பைப் பற்றிச் சொன்னேன். மண்ணை ஆராயத்தான் அனுமதி, லயத்தை அல்ல என்றார். உட்காரச் சொல்லவில்லை. பஸ் பிடித்துப் பண்டாரவளை தபாற் கந்தோர். பேராசிரியருக்கு ட்ரங்க் கோல். காத்திருந்தே மத்தியானம் போயிற்று.

“ஒரு மழைக்காலத்து அளவை வச்சுக்கொண்டு எச்சரிக்கை விடேலாது, தம்பி. துரையின்ர தயவிலதான் நாங்கள் நிக்கிறம்.”

லைன் அறுந்தது. மறுபடி லைன் கேட்கவில்லை நான். கேட்டிருக்கலாம்.

நவ. 11, புதன்

மழை கூடிவிட்டது. யாரையும் கேட்காமல் நானே லயத்தில் போய்ச் சொல்லிவிட்டேன். செல்வமணியின் புருஷன் மரியதாஸ்: “சரியும்னு உறுதியா சொல்றீங்களா சார்?”

“சொல்ல முடியாது.”

“அப்புறம் என்னாத்துக்குப் பயங்காட்டுறீங்க?”

செல்வமணி மட்டும் பாயைச் சுருட்டினாள். பிறகு ஒவ்வொருவராக. உபதேசியார் மாதா கோயிலைத் திறந்துவிட்டார்.

நவ. 13, வெள்ளி

வெயில். ஒன்றும் சரியவில்லை. கோயிலின் சிமெந்துத் தரையில் படுத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இருமல். குடும்பங்கள் திரும்பிப் போகின்றன. என் முதுகுக்குப் பின்னால்: “சோசியக்கார சார் போறாரு, பாரு.”

வெடிப்பைப் போய்ப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. எனக்கு ஏமாற்றம்! சீ, என்ன மனுஷன் நான்.

மாலை பேராசிரியரின் தந்தி. உடனே திரும்பு. துரை முறையிட்டிருக்கிறார். துவைத்த உடுப்பு ஈரத்தோடே பெட்டிக்குள்.

நவ. 15, ஞாயிறு. பதுளை

நேற்று முழுக்கக் கொட்டியது. ரயில் ஓடவில்லை. பயந்துபோய் எல்லாரும் மறுபடி கோயிலுக்கு வந்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, அதுவே நல்லது.

இன்று காலை ஜெபத்துக்கு நடுவே பெரிய சத்தம். லயத்தின் பின்சுவர் முழுக்க மண்ணுக்குள். சுடுதண்ணிக் கேத்தல் எடுக்கப் போயிருந்த மரியதாஸின் கால் சுவருக்கடியில். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. துரை லொறி தந்தார். என் பக்கம் திரும்பவேயில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாம் சிங்களம். செல்வமணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களே பேசுங்க சார். எனக்கு வாய் வரல.”

பேசினேன். கால் போகாது என்கிறார் டாக்டர். முன்போல மலை ஏறுவானா, அதைச் சொல்லவில்லை.

நோயாளிக்கு நீ யார் என்று கேட்டாள் தாதி.

பக்கத்து லயம் என்றேன்.