வலியை வரவழைக்கும் ஊசி

மச்சான்,

கபீர் அண்ணனோடு காலை ரயிலில் தஞ்சாவூர் டாக்டரிடம் போகிறேன். சோறு வடித்திருக்கிறேன், மீன் ஆணம் உறியில் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டு ஆஸியா லாத்தாவிடம்.

பித்தப்பையை எடுத்து வருஷமாகியும் வலிக்கிறது என்றேன். "பையே இல்ல, வலி எங்கேர்ந்து வரும்? ஒனக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று நேற்றுப் பிள்ளைகள் முன்னால் சொன்னீர்கள்.

பித்தம் இறங்கும் குழாயின் வாய் சரியாகத் திறக்காமல் இறுக்கிக்கொள்கிறதோ என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். இன்று ஊசி போட்டு அந்த வலியை வரவழைத்துப் பார்ப்பாராம். வந்தால் நோய். வராவிட்டால் நீங்கள் சொன்னதுதான் மெய் என்றாகிவிடும்.

ஆரிபா

எழுத விட்டுப்போனது: லுஹர் தொழுதுவிட்டு எனக்காக துஆ செய்யுங்கள். வலி தீர வேண்டுமென்று இன்றைக்குக் கேட்க வேண்டாம், மச்சான். நன்றாக வலிக்க வேண்டுமென்று கேளுங்கள்.