மதினி மேசைக்கு மறு பாலிஷ்

என் வம்புக்கு ஈடு கொடுத்த ஒரே ஆளான என் மதினிக்கு,

நல்லா இருக்கியா? அங்கேயும் யாரையாவது "கையைக் கழுவிட்டு மேசையில உக்காரு"ன்னு விரட்டிக்கிட்டுத்தான் இருப்பே. நம்ம சர்ச் சபை மலர்ல உனக்கு நினைவுப் பக்கம் போடணும், அத்தை நீங்கதான் எழுதணும்னு உன் மக மெர்சி சொல்லிட்டா. நாலாம் வகுப்போட நின்ன என் கையில பேனாவைக் கொடுத்தா என்ன வருமோ அதுதான் வரும். "ஆறாத் துயரில் எங்களை ஆழ்த்திவிட்டு"ன்னு எல்லாரும் எழுதுறாங்க. எனக்கு அப்படி வரல. நீயும் நானும் ஒரே வயசு. நீங்க வாங்கன்னு ஒரு நாளும் பேசிக்கிட்டதில்ல.

அதுவுமில்லாம உனக்கு ஒரு சேதி வச்சிருக்கேன். உன் மேசையை எங்க அண்ணன் பாழாக்கிட்டாரு.

பதறாதே. முழுசாக் கேளு.

நீ போன பொறவு அண்ணன் அந்த மேசையில உக்காந்து ஒரு வாய் சாப்பிடல. அடுப்படியில நின்னுக்கிட்டே, தட்டைக் கையில ஏந்திச் சாப்பிடுவாரு. ஏன்னு கேட்டா, "நின்னு தின்னாத்தான் செரிக்கும்"பாரு. எதிர்த்தாப்புல உன் நாற்காலி காலியாக் கெடக்குறதைப் பாக்க முடியலன்னு வாயைத் தொறந்து சொன்னா என்ன குறைஞ்சா போகும்? ஆனா தினமும் மேசையைத் துடைக்க மட்டும் மறக்கமாட்டாரு.

மெர்சிக்கு வத்திராயிருப்புல இருந்து நல்ல இடம் வந்துச்சு. பையனை அவளுக்குப் பிடிச்சும் போச்சு. ஆனாலும் சரின்னு ஒரு வார்த்தை வரல. "அப்பா இப்படி நின்னுக்கிட்டுச் சாப்பிடுற வீட்டை விட்டுட்டு நான் எப்படி அத்தை போவேன்? முதல்ல அவிய உக்காந்து சாப்பிடட்டும், பொறவு பாப்போம்"னு சொல்லிட்டா. இந்தப் பிடிவாதம் யார்கிட்ட இருந்து வந்ததுன்னு நான் சொல்லமாட்டேன். எப்படியோ பேசிப் பேசி, மாப்பிள்ளை வீட்டார் ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ராஜபாளையம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகட்டும்னு சம்மதிக்க வச்சேன்.

அந்த வாரம் புதன்கிழமை அண்ணன் எனக்குப் போன் போட்டாரு. குரல்ல அம்புட்டு சந்தோசம்.

"ஏட்டி, உன் மதினி சுத்தக்காரி, சுத்தக்காரின்னு ஊரெல்லாம் பேரு வாங்குனாளே, மேசையில எம்புட்டு அழுக்கு தெரியுமா? தேய்க்கத் தேய்க்கச் செவப்பா வருது."

"எதை வச்சுத் தேய்க்கீங்க அண்ணே?"

"அவ கால் புண்ணுக்கு வாங்கின ஸ்பிரிட் ஒரு பாட்டில் அப்படியே கெடந்துச்சு. பேண்டேஜ் துணியில நனைச்சுத் தேய்க்கேன். இன்னும் பாதி மேசை இருக்கு, போனை வையி."

போட்டது போட்டபடி கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஏறி நான் வந்து சேருறதுக்குள்ள மீதிப் பாதியும் முடிஞ்சிருந்துச்சு. முகம் பாத்துத் தலை சீவலாம்னு நீ பீத்திக்கிட்ட தேக்கு மேசை, தேமல் விழுந்த முதுகு மாதிரி திட்டுத் திட்டா நிக்குது. அண்ணன் கையில செம்பழுப்பா நனைஞ்ச துணி. அது அழுக்கு இல்ல மதினி, பாலிஷ்.

அவரைச் சொல்லியும் குத்தமில்ல. பேண்டேஜ் மில்லுல காலமெல்லாம் வேலை பாத்த மனுசன். நம்ம பக்கத்துல டீத்தூள் வடிகட்டுறதுல இருந்து பைக் துடைக்கிறது வரைக்கும் எல்லாத்துக்கும் அந்தத் துணிதானே. அதோட ஸ்பிரிட்டும் சேந்துட்டா உலகத்துல போகாத கறையே இல்லன்னு அவரு நம்பிட்டாரு.

நான் தரையில உக்காந்து சிரிச்சேன். சிரிச்சு நிமிந்தா, அவரு முகம் செத்துப்போயிருக்கு. "அவ வச்சுட்டுப் போன சாமானை நானே அழிச்சிட்டேன்லட்டி"ன்னாரு. எனக்குச் சிரிப்பு அடங்கிருச்சு.

மேசை செஞ்ச ஆசாரிக்குப் போன் போட்டோம். அவரு சேத்தூர்ல வேலையா இருக்காராம், அடுத்த வாரம்தான் வர முடியுமாம். "அது அரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சுத் தேய்ச்ச பாலிஷும்மா. ஸ்பிரிட் பட்டா கரையத்தான் செய்யும். திரும்ப அதே மாதிரி தேய்ச்சா வந்துரும். மெலிசா மெலிசாத் தேய்க்கணும். சாரக்காத்து படவிடாதீங்க, ஈரம் பட்டா வெளுத்துரும். வெளுத்தா ஸ்பிரிட்டை லேசாத் தொட்டுத் தடவுங்க"ன்னாரு. நான் போனை வைக்குறதுக்குள்ள அண்ணன் சட்டையை மாட்டிக்கிட்டு பெயிண்ட் கடைக்குக் கிளம்பிட்டாரு. நீ போன பொறவு அவரு அம்புட்டு வேகமா நடந்து நான் பாத்ததில்ல.

வாங்கிட்டு வந்த உப்புத்தாளை வச்சு மரத்தோட ரேகை போற போக்குல ரெண்டு பேரும் தேய்ச்சோம். தலையெல்லாம் தூசி. மாவு மில்லுக்காரர் மாதிரி நின்னாரு. பஞ்சை உருட்டி, பேண்டேஜ் துணியில பொதிஞ்சு, அரக்குத் தண்ணியில நனைச்சு அவரு தேய்க்க, நான் சும்மா இருப்பேனா?

"தோசைக்கு மாவு இழுக்குற மாதிரி வட்டமா இழுக்கீங்களே அண்ணே, மதினி பாத்தா சட்னி எங்கன்னு கேப்பா."

"ஏட்டி, நீ செத்த நேரம் வாயை மூடு. உன் மூச்சுக்காத்து படுது."

முதல் பூச்சு பளபளன்னு வந்துச்சு. சாயங்காலம் மலைப்பக்கத்துல இருந்து சாரல் இறங்குச்சு பாரு, மேசை முழுக்க மோர் தெளிச்ச மாதிரி வெளுத்துப் போச்சு. நான் அழுவாருன்னு பயந்தேன். அவரு ஜன்னலையெல்லாம் சாத்திட்டு, வீட்டுல இருந்த ஒரே டேபிள் ஃபேனை மேசைப் பக்கம் திருப்பி வச்சாரு. பொறவு பஞ்சுல ஸ்பிரிட்டைத் துளியூண்டு தொட்டு, காத்து தடவுற மாதிரி ஒரு தடவு. வெள்ளை போயிருச்சு. "பாத்தியா, பாத்தியா"ன்னு சின்னப்புள்ள மாதிரி மேசையைச் சுத்திச் சுத்தி வாராரு. ரெண்டு நாளும் மேசைக்குத்தான் ஃபேன். நாங்க வேர்த்துக் கொட்டிக்கிட்டுக் கெடந்தோம்.

சனிக்கிழமையே மேசை உன் மேசை ஆயிருச்சு. அதோட விட்டிருக்கலாம்ல? ஞாயித்துக்கிழமை நாங்க கோயிலுக்குக் கிளம்பிட்டோம். "நீங்க முன்னாடி போங்க, வாரேன்"னு பின்தங்கினவரு, வாசலைப் பாத்த பாதிக்கு மட்டும் இன்னொரு பூச்சு கெட்டியாப் பூசிட்டு, யாருக்கும் சொல்லாம ஆராதனைக்கு வந்து நல்ல புள்ளையாக் கைகட்டி உக்காந்திருக்காரு. வாரவங்க கண்ணு முதல்ல அங்கதான் படுமாம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா, பழம் நிறைஞ்ச தாம்பாளத்தை நேரா அந்தப் பாதியில வச்சுட்டாவ. ஜெபம் முடிஞ்சு எடுத்துக் கொடுக்கலாம்னு தூக்குறாவ, வரல. இன்னும் கொஞ்சம் பலமாத் தூக்குறாவ, மேசையே கூட எழும்பப் பாக்குது. பொறவு சர்ருன்னு பிரிஞ்சு வந்துச்சு. பெரிய வட்டமா ஒரு தடம்.

"ஐயையோ அண்ணாச்சி, நான் பாக்கலையே"ன்னு அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. மெர்சி அடுப்படி வாசல்ல சோத்துச் சட்டியோட நிக்கா, கண்ணு அப்பா மேலேயே இருக்கு.

அண்ணன் குனிஞ்சாரு. தடத்தை விரலால தொட்டுப் பாத்தாரு. "விடுங்க தங்கச்சி. இதை எடுக்க எனக்குத் தெரியும்"னாரு.

அதோட நிறுத்துனாரா? எப்படி எடுக்கணும்னு விளக்க ஆரம்பிச்சிட்டாரு. மேசையோட காய்ஞ்ச பாதிப் பக்கமா எல்லாரையும் உக்கார வச்சோம். மாப்பிள்ளை பாவம், தெரியாம உன் நாற்காலியில உக்காந்துட்டான். நான் எழுப்பப் போனேன். அண்ணன் அதைக் கவனிக்கவே இல்ல. அவனுக்கு எதிர்த்தாப்புல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, "இங்க பாருங்க தம்பி, பஞ்சுல ஸ்பிரிட் சொட்டக் கூடாது"ன்னு கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுதாரு. நான் சத்தமில்லாம அண்ணன் முன்னாடி ஒரு தட்டை வச்சேன். மெர்சி சோறு போட்டா, கறிக்குழம்பு ஊத்துனா. பேசிக்கிட்டே பிசைஞ்சாரு, பேசிக்கிட்டே சாப்பிட்டாரு. ரெண்டாந்தடவை ரசத்துக்குத் தட்டை நீட்டுனாரு. உக்காந்து சாப்பிடுறோம்னு அவருக்கே தெரியல. மெர்சி அடுப்படிக்குள்ள ஓடிப்போய் முந்தானையால மூஞ்சியைப் பொத்திக்கிட்டா. சிரிக்காளா அழுறாளான்னு போய்ப் பாத்தேன். ரெண்டும்தான். "சரின்னு சொல்லிருங்க அத்தை"ன்னா.

கல்யாணம் தை மாசம். தாம்பாளத் தடம் மறுநாளே போயிருச்சு. இப்ப அண்ணன் கட்டிலுக்குப் பாலிஷ் போட்டாச்சு, நிலைக்கதவுக்குப் போட்டாச்சு. போன தடவை வந்தப்ப என் இரும்பு பீரோவையே ஒரு மாதிரிப் பாத்தாரு.

மெர்சி போன பொறவு என்ன ஆகும்னு நீ யோசிப்பே. அதுக்குத்தான் நான் இருக்கேன். வாரம் தவறாம வியாழக்கிழமை பஸ் ஏறி வந்துருவேன். உன் நாற்காலியில நான் உக்காருவேன், குழம்புல உப்பு இல்லம்பேன், அவரு சண்டைக்கு வருவாரு. சண்டை போட வாட்டமா எதிர்த்தாப்புல உக்காந்துதானே ஆகணும்? மத்த நாளைக்கு மெர்சி போன்ல மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சாப்பிட வைப்பா. இனி அவரை நின்னுக்கிட்டுத் திங்க விடமாட்டோம் மதினி. சொன்னாச் சொன்னதுதான்.

உன் வாய்க்கு வாய் குறையாத நாத்தனா,
ஸ்ரீவில்லிபுத்தூர் ரூபி