இராக்கினி என்று முழுசாக

24 ஆகஸ்ட் 1958, ஞாயிறு

இன்று ஞானஸ்நானத்தில் நின்றவர்கள்: சாமியார், உபதேசியார் லாசர், என் மகன் உபகாரசாமி, மருமகள் இசபெல்லா, ஞானத்தாய் சகாயம்மாள், என் வீட்டோடு இருக்கும் நாத்தனார் இன்னாசிமேரி, நான். ஒருவரையும் மறக்க மாட்டேன்.

பேத்திக்கு இராக்கினி என்று பேர் வைத்தேன். மாதாவை ஜெபத்தில் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? சாமியார் மறுக்கவில்லை. கோயில் வாசலுக்கு வந்ததும் லாசர்தான் சிரித்தார்.

“ஏனுங்கம்மா, சோளக்காட்டுல களை வெட்டற ஊட்டுக்கு ராக்கினியா? எவனுங்க அப்பிடிக் கூப்புடுவான்?”

இன்னாசிமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகன் தரையைப் பார்த்தான்.

எனக்கு எழுத்து கொஞ்சம். அந்தச் சொல்லுக்கு ராணி என்று பொருள் தெரியும். எவள் வாயைத் திறந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துகிறார்களோ, அவள் இராக்கினி. கிரீடமெல்லாம் பிறகு.

3 நவம்பர் 1959

இன்னாசிமேரி குழந்தையை ‘ராக்கு’ என்கிறாள். நாய்க்குட்டிக்கா பேர் வைத்தேன்?

16 ஜூன் 1963

பேத்தியிடம் சொல்லிவிட்டேன். “முழுப்பேரு சொன்னாத்தான் திரும்போணும் சாமி.”

“அப்பா கூப்புட்டா?”

“அப்பனா இருந்தாலும்.”

9 ஜனவரி 1964

இதை எழுதாமல் படுக்க முடியாது. இன்னாசிமேரி கடலைக்கொட்டை எடுக்க அட்டாலிப் பரணுக்கு ஏறினாள். ஏணி சரிந்து விழுந்துவிட்டது. கீழே வாசலில் பேத்தி கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தாள்.

“ராக்கு! அடி ராக்கூ!”

அவள் கல்லை மேலே வீசினாள், பிடித்தாள். எனக்கும் காதில் விழுந்தது. புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தேன். ஏன் எழுந்திருக்க வேண்டும்?

“அண்ணீ! உம்பட பேத்திக்குக் காது செவுடா?”

“பேரு சொல்லிக் கூப்புடு, வருவா.”

அப்புறம் ஒரு குரல், அடித்தொண்டையிலிருந்து: “இராக்கினீ… ஏணிய எடுத்து வெய்யி, தாயி.”

உடனே எழுந்தாள் என் தங்கம்! ஏணிக்கு நானும் கை கொடுத்தேன்.

14 மே 1967, ஞாயிறு

புது ஜெபப்புத்தகம் வந்திருக்கிறது. இனி மாதாவை ‘அரசி’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். அரசியும் நல்ல சொல்தான். ஆனால் லாசர் பூசை முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“பாப்பா பேரையும் அரசின்னு மாத்திப்போடலாமுங்க. ராக்கினி பழசாப் போச்சு.”

அன்றைக்கு எவன் கூப்பிடுவான் என்று கேட்ட வாய்! கூப்பிடக் கூப்பிடத்தானே ஒரு சொல் பழசாகும்?

சாயந்திரம் ஜெபமாலை முடிவில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபம். கோயிலே ‘அரசியே’ என்றது. என் பேத்தி மட்டும் கணீரென்று ‘இராக்கினியே’ என்றாள். இல்லை, அவள் மட்டுமில்லை. பக்கத்தில் பல்லுப்போன இன்னாசிமேரியும் சொன்னாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

முன்னால் லாசர் ஜெபத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நிறுத்தினார்!

இன்னாசிமேரியை மன்னித்தாயிற்று. லாசரை மாட்டேன்.