இக்கரையில் நிற்கிறவர்

மிச்சம், லண்டன்
22.03.2026

அன்புள்ள நிஷாந்தனுக்கு,

நானும் உன் தங்கச்சி ஆரணியும் உடம்பளவில் சுகமாயிருக்கிறோம். நீயும் அப்படியே இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த விஷயத்தைப் போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். நீ வெலிங்டனில் காற்று என்றாய், நான் இங்கே மழை என்றேன், பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டேன், அதோடு முடிந்துவிட்டது. போனில் நீ ஓம் அம்மா, ஓம் அம்மா என்றுகொண்டே இருப்பாய், கேட்கிறாயா அல்லது நான் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாயா என்பது எனக்குத் தெரிவதில்லை. பள்ளிக்கூடத்து இரசாயன லாபில் என் வேலை வழமைபோலத்தான், இரண்டு பேர் செய்ததை இப்போது நான் தனியே செய்கிறேன். முழங்கால் நோவுக்கு டொக்டரிடம் போகச் சொன்னாய், போனேன், எடையைக் குறைக்கச் சொன்னார், அதைச் சொல்ல ஒரு டொக்டர் தேவையில்லை. ஆரணிக்கு மே மாதம் பரீட்சை. படிக்கிறாள் என்று நினைக்கிறேன், கதவு சாத்தியே இருக்கிறது.

பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி போன கிழமை முடிந்தது. நீ வராததை யாரும் குறையாகச் சொல்லவில்லை, சொன்னாலும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. பெரியம்மா இன்னமும் பெரியப்பாவுக்கும் சேர்த்துச் சமைக்கிறா, மகன் விதுசன் அந்தப் பங்கையும் சாப்பிடுகிறான். அந்த மரண அறிவித்தலை நீ இன்ரர்நெட்டில் பார்த்திருப்பாய். யோகலிங்கம் என்ற பெரியப்பாவின் பெயருக்குக் கீழே, காலஞ்சென்ற புவனேந்திரனின் அன்புச் சகோதரரும் என்று ஒரு வரி இருக்கிறது. உன் அப்பாவின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை நீ முதன்முதலாகப் பார்த்திருப்பாய். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது எப்படி அங்கே வந்தது என்று உனக்குத் தெரியவேண்டும்.

பெரியப்பா செத்த அடுத்த நாள் சட்டனில் அவர்கள் வீட்டு முன்னறையில் விதுசன் மடிக்கணினியோடு இருந்தான். பெரியம்மாவின் தமையன் செல்வரத்தினம் அண்ணை பக்கத்தில் கதிரையைப் போட்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை உனக்குத் தெரியும், பெயர் பிழைத்தால் செத்தவரே எழும்பி வந்து கேட்பார் என்பதுபோல வேலை செய்கிறவர். உயிரோடு இருக்கிறவர்களின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நாடோ ஊரோ, இல்லாதவர்களின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற, அதுதான் முறை. பெரியம்மாவின் மருமகன் லூட்டனில் இருக்கிறார், லண்டன் என்று போட்டாலென்ன என்று யாரோ கேட்க, ஏன், பரிஸ் எண்டு போடுவமே, கேக்க இன்னும் வடிவாயிருக்கும் என்று அண்ணை பகிடி விட்டார், இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சகோதரர்களின் வரி வந்தது. பெரியப்பாவுக்கு ஒரேயொரு சகோதரம் உன் அப்பாதான். அண்ணை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தங்கச்சி, புவனேந்திரனை எப்பிடிப் போடுறது என்று என்னிடம் கேட்டார். வெறும் பேரைப் போடுங்கோ என்றேன். வெறும் பேர் எண்டால் உயிரோடை இருக்கிறார் எண்டு வரும், அப்ப பிராக்கட்டுக்குள்ளை நாடு போடவேணும், என்ன நாடு போட என்றார். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். பதினேழு வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. குரோய்டனில் அகதி விண்ணப்பத்துக்காக எங்களை விசாரித்த பெண்கூட விதவையா, திருமணமானவரா என்று மட்டும்தான் கேட்டாள், திருமணமானவர் என்றேன், கட்டத்துக்குள் கோடு போட்டாள், அவளுக்கு அது போதுமாயிருந்தது. இங்கே பெரியம்மா, பேரையே விட்டிடுங்கோ என்றா, உடனே தானே, இருந்தது ஒரேயொரு தம்பி, அவரை எப்பிடி விடுறது என்று அழத் தொடங்கினா. அப்போது படியில் இருந்த ஆரணி, காலஞ்சென்ற எண்டு போடுங்கோ மாமா என்றாள். விதுசன் என்னைப் பார்த்தான். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் அந்தச் சொல்லைத் தட்டச்சுச் செய்துவிட்டான்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதும் பிறகு மூன்று நாளும் நான் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டைப் போட்டு வைத்தேன், எடுத்துச் சாப்பிட்டாள். தகப்பன் போய் நாலாம் மாதம் பிறந்தவள், அவரைக் கண்ணாலும் காணாதவள், எல்லாவற்றையும் ஒரு சொல்லில் முடித்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம். நாலாம் நாள் பின்னேரம் குசினி மேசையில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நீ விட்டுவிட்டுப் போன அந்த ஏழு புத்தகங்களில் ஐந்தாவது. கிரேக்கத் தேவர்களையும் ரோமத் தேவர்களையும் லண்டனில் கொண்டுவந்து இறக்கி, ஆளுக்கு இரண்டு பெயர் வைத்து, இந்த ஊர்ப் பிள்ளைகளைச் சண்டைக்கு அனுப்புகிற கதை. நீ பத்து வயதில் இங்கே வந்து ஆங்கிலம் பிடிபட்டதும் முதலில் நூலகத்தில் எடுத்தாய், பிறகு பிறந்தநாளுக்கும் நத்தார்ப் பண்டிகைக்கும் ஒவ்வொன்றாக வாங்குவித்தாய். அதில் வருகிற பிள்ளைகள் ஒருவருக்கும் தகப்பன் வீட்டில் இல்லை, ஏனென்றால் தகப்பன் ஒரு தேவன் என்று நீ ஒருமுறை எனக்குச் சொன்னாய். ஒரு தகப்பன் வராமலிருக்க இதைவிட மரியாதையான காரணம் யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன், ஆங்கிலம் வளரட்டும் என்று விட்டேன். ஒன்றையும் நான் திறந்து பார்க்கவில்லை.

ஐந்தாவதில் லண்டனுக்கு அடியில் செங்கல் குழாய்க்குள் ஓர் ஆறு ஓடுகிறது. செத்தவர்கள் அதைக் கடந்து போகவேண்டும். கிரியை செய்யப்படாதவர்களை ஓடக்காரன் ஏற்றமாட்டான், நூறு வருஷம் அவர்கள் இக்கரையில் நிற்கவேண்டும். யாராவது ஒருவர் மூன்று பிடி மண்ணைப் போட்டால் போதும், விட்டுவிடுவான். இதை எழுதினவர் இட்டுக்கட்டவில்லை, பழைய ரோமர்கள் இப்படி நம்பியிருக்கிறார்கள், பிறகு தேடிப் பார்த்தேன். அப்பா இன்னும் எவ்வளவு காலம் நிக்கவேணும் அம்மா என்று ஆரணி கேட்டாள். பதினாறு வயதில் இதென்ன கேள்வி, இது சின்னப்பிள்ளைகளுக்கு விற்கிற கதை என்றேன். கதை எண்டு எனக்குத் தெரியாதோ என்றாள். நீங்கள் வச்சிருக்கிறதும் கதைதானே அம்மா, என்ரை கதையிலை அவர் ஒருநாள் அக்கரைக்குப் போவார், உங்கடை கதையிலை எந்த நாளும் நிண்டுகொண்டே இருக்கிறார். பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் சொன்னாள், ஆனால் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், ஏசுவது சுலபம். பிறகு அந்த ஆறு வருகிற பக்கத்தைத் திறந்து யன்னலடியில் சாய்த்துப் பிடித்துக் காட்டினாள்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நீ பென்சிலால் எழுதி அழித்திருக்கிறாய். அழுத்தி எழுதியிருந்தபடியால் தடம் போகவில்லை. அந்த நேரம் நீ எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் எழுதுவாய், இதை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறாய். அப்பாவும் இஞ்சை நிக்கிறாரோ. அவ்வளவுதான். உள்ளட்டையில் உன் பெயரும் 2013 என்றும் இருக்கிறது, உனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருஷம் முழுக்க நீ இதே குசினி மேசையில் எனக்கு எதிரே இருந்து சாப்பிட்டாய். ஒரு நாளாவது என்னிடம் கேட்டிருக்கலாம் என்று முதலில் உன்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன், கேட்டிருந்தால் நான் உனக்குப் பொய்தான் சொல்லியிருப்பேன். இதுதான் நான் போனில் சொல்ல ஏலாமல் இருந்த விஷயம், நிஷாந், பொறுமையாக வாசி.

அந்த வருஷம் மார்கழியில் எங்கள் பொயிலர் பழுதாகி, திருத்த யாக்கோப்பு என்று ஒருவர் வந்தார். எங்கள் ஆள்தான், ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்து அந்த வேலை செய்கிறவர், இப்போதும் இதே மிச்சம் பகுதியில்தான் இருக்கிறார். சுவரில் அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த சாமானைக் கீழே வைத்தார். யுத்தம் முடிந்த நேரம் அப்பா ஆமிக்காரரிடம் பெயரைப் பதிந்துவிட்டு வருகிறேன் என்று எங்களை விட்டுப்போனது உனக்கு நினைவிருக்கும், எட்டு வயது உனக்கு, அந்த வரிசையில் இருந்தவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். யாக்கோப்பும் அதே பஸ்ஸில் இருந்திருக்கிறார். வழியில் தன்னையும் இன்னும் நாலு பேரையும் இறக்கினார்கள், அப்பாவை இறக்கவில்லை, பஸ் போன பக்கம் பிறகு வெடிச்சத்தம் கேட்டது என்றார். நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ என்று கேட்டேன். இல்லை என்றார். அந்த இல்லையை நான் பிடித்துக்கொண்டேன். ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டு, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். நீ பள்ளிக்கூடத்தால் வந்து வந்தது யார் என்று கேட்டாய், பொயிலர்காரர் என்றேன். அதற்குப் பிறகு அவரைக் கடையில் கண்டால் நான் மற்றப் பக்கத்தால் போய்விடுவேன். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிருக்கிறேன்.

ஆரணி புத்தகத்தைக் காட்டியதற்கு அடுத்து வந்த சனிக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போனேன். அந்தச் சத்தத்துக்குப் பிறகு என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கோ என்றேன். அவர் என்னை இருக்கச் சொன்னார். பிறகு, அரை மணித்தியாலத்திலை அதே பஸ் எங்களைக் கடந்து திரும்பிப் போனது தங்கச்சி, உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை என்றார். இதை ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை என்றேன். நீங்கள் கண்டனீங்களோ எண்டுதானே கேட்டியள், நான் காணேல்லைத்தானே என்றார். அவர்மேல் பிழையில்லை. எனக்கு வேண்டிய பதில் வருகிற மாதிரி நான் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். கம்பஸில் நாலு வருஷம் இரசாயனம் படித்தவள், லாபில் ஒரு பிள்ளை அப்படி ஒரு முடிவை எழுதிக்கொண்டு வந்தால் திரும்பச் செய் என்று அனுப்புகிறவள். உங்கள் சாத்திரிமாரையும் ஐயர்மாரையும் நம்பமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, அத்தாட்சி இல்லை, அத்தாட்சி இல்லை என்று அவரை உயிரோடு வைத்திருந்தேன். நீ கேட்க நினைத்த வருஷத்திலேயே எனக்குப் பாதி தெரியும். மறைத்தது உனக்காக என்று எழுதலாம், அது முழுக்க உண்மையில்லை.

ஆரணிக்கும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டாள், நான் சொல்லப் பார்த்தேன், குரலை எப்படிச் சொல்வது.

கோயிலில் ஐயரிடம் கேட்டேன். உடல் இல்லாவிட்டால் தர்ப்பையால் உருவம் செய்து கிரியை செய்யலாமாம், திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை. வைகாசி அமாவாசை மே பதினாறு, சனிக்கிழமை வருகிறது. மகன் செய்வதுதான் முறை என்றார். மகன் வர ஏலாவிட்டால் மகள் செய்யலாமோ என்று ஆரணி கேட்டாள், ஐயர் யோசித்துவிட்டு, மகன் என்ன சொல்லுறார் எண்டு முதலிலை கேளுங்கோ என்றார். அதைத்தான் கேட்கிறேன். எனக்கு இதில் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்காதே. ஆறும் இல்லை, ஓடமும் இல்லை, பிண்டம் எங்கேயும் போய்ச் சேராது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் என் பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும், ஒருவருக்குப் பின் ஒருவராக, ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தகப்பன் எங்கே நிற்கிறார் என்று தேடியிருக்கிறீர்கள், நான் அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதற்கு மேல் அவரை நிற்பாட்டி வைக்க எனக்கு ஏலாது. என் தாலியை என்ன செய்வது என்று பெரியம்மா கேட்டா, அது என் விஷயம் என்றேன், நீயும் கேட்காதே.

ஒரு உதவி வேண்டும். அப்பாவுக்கு மேலே மூன்று தலைமுறைப் பெயர் சொல்லவேண்டுமாம். அப்பாவின் அப்பாவின் பெயர் தெரியும், அவருடைய அப்பாவின் பெயரும் தெரியும், அதற்கு மேல் தெரிந்தவர் பெரியப்பா மட்டும்தான், அவரையும் எரித்துவிட்டோம். அவர் எப்போதாவது உனக்குச் சொல்லியிருந்தால் எழுதி அனுப்பு. இல்லாவிட்டால் தெரிந்த இரண்டோடு செய்யட்டும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, இரவு ஷிப்ட் முடித்துக் கார் ஓட்டாதே. கடவுளின் பெயரால் ஆசீர்வதிக்க எனக்கு வராது என்று உனக்குத் தெரியும், நீ நல்லாயிருக்கவேண்டும் என்பது தவிர எனக்கு வேறு நினைப்பும் இல்லை. ஏப்ரல் முடிவதற்குள் ஐயருக்குச் சொல்லவேண்டும், மறந்துவிடாதே. என்மேல் கோபமென்றால் அதைப் பிறகு தனியே எழுது, முழுவதையும் வாசிப்பேன். இப்போது வாறன் என்றோ ஏலாது என்றோ ஒரு சொல் எழுது. ஏலாது என்றால் தங்கச்சி செய்வாள், அவளுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன்.

அன்புடன் அம்மா,
யசோதினி புவனேந்திரன்